வரி கேட்டுக் கடிதம் வந்தால்...

செலுத்த வேண்டிய தொகை இவ்வளவு, முப்பது நாள்களுக்குள் செலுத்துக என்று ஒரு கடிதம் வந்து சேர்ந்தால், அதுவரை அமைதியாக இருந்த இல்லத்தில் அன்றிரவு உறக்கம் இராது. முன்னாளில் அஞ்சற்காரர் கொண்டுவந்து தந்த அக்கடிதம், இன்று மகனுடைய செல்பேசியிலோ ஆடிட்டரின் கணிப்பொறியிலோ வந்து இறங்குகிறது. வத்தலக்குண்டுக் கடைவீதியில் வணிகம் செய்பவருக்கும் அது வரலாம். பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியைக்கும் வரலாம். ஓய்வூதியத்தை நம்பி வாழும் முதியவருக்கும் வரலாம்.

கடிதம் கண்டவர்கள் பெரும்பாலும் மூன்று வகையாக நடந்துகொள்கின்றனர். சிலர் அதனை அலமாரியில் வைத்துப் பூட்டி, மனைவி மக்களுக்கும் சொல்லாமல் மறைத்துவிடுகின்றனர். சிலர், "அரசோடு நமக்கேன் வம்பு?" என்று அஞ்சி, நகையை அடகு வைத்தேனும் மறுநாளே செலுத்திவிடுகின்றனர். வேறு சிலர் வெகுண்டெழுந்து, "உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்துவிடுகிறேன்" என்று வரிந்து கட்டுகின்றனர். மூவரும் செய்யத் தவறியது ஒன்றே: கடிதத்தை அமர்ந்து படிக்கவில்லை.

செலுத்துவதா, சமாதானமாகத் தீர்த்துக்கொள்வதா, எதிர்த்து முறையிடுவதா என்று முடிவு செய்யுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. முதலாவது, இவ்வரி உண்மையிலேயே என்னுடைய கடனா? இரண்டாவது, அன்று எனில், அதை மெய்ப்பிக்க என் கையில் என்ன சான்று உள்ளது? மூன்றாவது, மெய்ப்பிக்கும் வழியில் ஆகும் பணமும் காலமும் எவ்வளவு? இவற்றை இதே வரிசையில் கேட்பது முக்கியம். முதற்கேள்வியை விட்டு மூன்றாவதிலிருந்து தொடங்குபவன், "தப்பிக்க முடியுமா?" என்று மட்டுமே பார்ப்பான். முதற்கேள்வியோடு நின்று, மற்ற இரண்டையும் மறப்பவன், நியாயம் தன்பக்கம் இருந்தும் தோற்றுப்போவான்.

நம் இல்லத்திலேயே நடந்த வழக்கு

வேறெங்கும் போக வேண்டா. தமிழ்நாட்டுத் துறவியரின் சம்பள வரி வழக்கையே எடுத்துக்கொள்வோம். அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியப் பணி புரியும் குருக்களும் கன்னியரும் அரசிடமிருந்து மாதச் சம்பளம் பெறுகின்றனர். அவர்களோ ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். திருச்சபைச் சட்டப்படி, துறவியொருவர் தம் உழைப்பால் ஈட்டுவது அவருடைய சபைக்கே உரியது. ஆகவே சம்பளம் முழுவதும் சபைக்குப் போய்ச் சேருகிறது. சகோதரியின் கையில் தங்குவதில்லை.

இந்நிலையைக் கருதி, ஆங்கிலேயர் ஆட்சியில் 1944-ஆம் ஆண்டு ஒரு சுற்றறிக்கை வெளியாயிற்று. மறைபரப்புப் பணியாளர் தம் வருவாயைச் சபைக்கு ஒப்படைக்க வேண்டியவர்களாதலால், அவ்வருவாய்க்கு அவர்களிடம் வரி கேட்பதில்லை என்பது அதன் சாரம். 1977-இல் மத்திய நேரடி வரிகள் வாரியமும் இதே போக்கில் ஓர் அறிவிப்புச் செய்தது. இவ்வாறு பல்லாண்டு காலம் துறவியரின் சம்பளத்தில் வரி பிடிக்கப்படாமல் இருந்தது.

2014-ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. துறவியரின் சம்பளத்திலும் மற்ற ஆசிரியர்க்குப் போலவே முன்கூட்டி வரி பிடித்தம் செய்ய வேண்டுமென வருமான வரித்துறை பணித்தது. சபைகள் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகின. தனி நீதிபதியின் தீர்ப்பு சபைகளுக்குச் சார்பாக அமைந்தது. வரித்துறை மேல்முறையீடு செய்தது. 2019 மார்ச் மாதம் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு முன்னைய தீர்ப்பை மாற்றி, பிடித்தம் செய்வதே சரி என்றது. 2021-இல் கேரள உயர் நீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. செசாருக்கு உரியதைச் செசாருக்குக் கொடுக்கச் சொன்ன நம் ஆண்டவரின் வாக்கே அத்தீர்ப்பில் எடுத்தாளப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2024 நவம்பர் 7-ஆம் நாள், தொண்ணூற்றுக்கு மேற்பட்ட மேல்முறையீடுகளும் ஒருசேரத் தள்ளுபடியாயின.

சபைகள் தோற்றதற்குக் காரணம் யாது? சம்பளம் வழங்கப்படுவது ஆசிரியையின் பெயருக்கு. வேலை செய்பவரும் அவரே. ஊதியத்துக்கு உரிமை பெறுபவரும் அவரே. பெற்றபின் அதைச் சபைக்குத் தருவது அவர் ஏற்றுக்கொண்ட வாழ்க்கை முறையின் விளைவு. வருவாய் கைக்கு வருமுன்னரே சட்டத்தால் வேறொருவருக்கு உரித்தாகித் திரும்பிவிடுவது வேறு. கைக்கு வந்தபின் ஒருவர் அதனைச் செலவிடும் விதம் வேறு. முன்னதற்கு வரியில்லை, பின்னதற்கு உண்டு. பழைய சுற்றறிக்கைகள் பணியாளர்க்குக் கிடைக்கும் கட்டணம் போன்றவற்றையே கருதின, அரசு தரும் சம்பளத்தைக் கருதவில்லை என்று நீதிமன்றம் கொண்டது. வார்த்தைப்பாடு திருச்சபைக்குள் ஒருவரைக் கட்டுப்படுத்தும். நாட்டின் வரிச்சட்டத்தை அது மாற்றாது.

இந்த வேறுபாடு துறவியருக்காகப் புதிதாகப் புனையப்பட்டதன்று. சீதள்தாஸ் தீரத்தாஸ் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை முன்னரே வகுத்திருந்தது. நீதிமன்ற ஆணைப்படி மனைவி மக்களுக்குத் தாம் தரும் பராமரிப்புத் தொகையைத் தம் வருமானத்திலிருந்து கழிக்க வேண்டும் என்று அவர் கேட்டார். அது வருமானத்தைச் செலவிடும் முறையே என்று கூறி நீதிமன்றம் மறுத்துவிட்டது. தன் சம்பளம் முழுவதையும் தாயின் கையில் கொடுத்துவிடும் நல்ல மகனும் வரிக் கணக்கில் சம்பளக்காரனே என்பதை நம் குடும்பங்கள் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

சபைகள் வழக்காடியது தவறா? அன்று. முதற்கேள்விக்கு அவர்களிடம் நேர்மையான விடை இருந்தது. அரசின் சுற்றறிக்கைகளே அவர்கள் கையில் இருந்தன. தனி நீதிபதியும் அவ்வாதத்தை ஏற்றார். இது ஒருவருடைய தொகை பற்றிய தகராறாக இராமல், எண்ணற்ற துறவியரைத் தொடும் கொள்கையாக இருந்தமையால், ஒன்றுகூடிச் செலவு செய்து இறுதிவரை கேட்டதிலும் பொருளுண்டு. முடிவு வந்தபின் அதற்குப் பணிவதே இனிக் கடமை. நேர்மையாக எதிர்ப்பதும், தீர்ப்புக்குப்பின் நேர்மையாகச் செலுத்துவதும் ஒரே நல்லொழுக்கத்தின் இரு பகுதிகள்.

இவ்வழக்கு தரும் படிப்பினை ஒன்றுண்டு. நெடுங்காலம் கேட்காமல் இருந்தது, கேட்கும் உரிமை இல்லை என்பதற்குச் சான்றாகாது. "இத்தனை ஆண்டு கேட்காதவன் இப்போது எப்படிக் கேட்கலாம்?" என்பது மனத்தாங்கலுக்குப் பொருந்தும், வழக்குக்குப் போதாது.

முதலில் கடிதத்தைப் படியுங்கள்

இனி, நம் வீட்டுக்கு வரும் கடிதத்தைப் பார்ப்போம். வந்த கடிதம் உண்மையானதுதானா என்று முதலில் அறிய வேண்டும். 2019 அக்டோபர் 1 முதல் வருமான வரித்துறை அனுப்பும் கடிதங்களில் ஆவண அடையாள எண் ஒன்று இருத்தல் வேண்டும். அத்துறையின் இணையதளத்தில் அந்த எண்ணை இட்டு, கடிதம் மெய்யானதா எனச் சரிபார்க்கலாம். செல்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியில் உள்ள இணைப்பைத் தொட்டுப் பணம் கட்டுவதும், தொலைபேசியில் கேட்பவருக்கு ஓ.டி.பி. எண்ணைச் சொல்வதும் வரி செலுத்துவதாகா. கள்வனுக்குக் கதவைத் திறப்பதாகும்.

மெய்யான கடிதமே என்று தெரிந்தால், எந்த ஆண்டுக்கு உரியது, அதில் வரி எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று தனித்தனியே ஒரு தாளில் எழுதுங்கள். நாம் தந்த கணக்குக்கும் அவர்கள் போட்ட கணக்குக்கும் எவ்விடத்தில் வேறுபாடு என்பதைக் காணுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு வரியில்தான் வேறுபாடு இருக்கும். வங்கி வட்டியைச் சேர்க்க மறந்திருக்கலாம். பிடித்தம் செய்த வரி நம் கணக்கில் ஏறாமல் இருக்கலாம். பான் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம்.

பின்னர்த் தேதியைப் பாருங்கள். வருமான வரி கேட்பாணை கிடைத்து முப்பது நாள் கடந்தால், செலுத்தாத தொகைக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி ஏறத் தொடங்கும். மேல்முறையீட்டுக்கும் தவணை முப்பது நாளே. ஜி.எஸ்.டி. ஆணையை எதிர்த்து முறையிட மூன்று மாதம் உண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்கும் அதிகாரம் மேல்முறையீட்டு அதிகாரிக்கு ஓரளவு இருப்பினும், அலமாரியில் பூட்டி வைத்தது தக்க காரணமாகாது.

செலுத்த வேண்டிய வேளை

முதற்கேள்விக்கு, "ஆம், இது என் கடனே" என்று மனச்சாட்சி விடை கூறுமானால், செலுத்துவதே வழி. அரசுக்கு உரிய வரியைச் செலுத்துதல் நீதியின் கடமை என்பது திருச்சபையின் தெளிவான படிப்பினை. புனித சின்னப்பரும் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் இதனை வலியுறுத்துகிறார். அரசு மருத்துவமனையும் பள்ளியும் சாலையும் இந்தப் பணத்தால் நடப்பவையே.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் கூறியாக வேண்டும். "உங்கள் சம்பளத்தில் பிடித்த வரியைத் திரும்ப வாங்கித் தருகிறேன், கிடைப்பதில் எனக்குப் பங்கு தாருங்கள்" என்று சொல்லிக்கொண்டு சில இடைத்தரகர்கள் திரிகின்றனர். செலுத்தாத வீட்டு வாடகை, கொடுக்காத நன்கொடை, கட்டாத காப்பீடு ஆகியவற்றைக் கணக்கில் எழுதி, பணத்தைத் திரும்பப் பெற்றுத் தருகின்றனர். 2025 ஜூலை 14-ஆம் நாள் வருமான வரித்துறை நாட்டின் பல இடங்களில் இத்தகைய பொய்க் கழிவுகளைப் பற்றிப் பெரியதொரு சோதனையைத் தொடங்கிற்று. தமிழ்நாடும் அதில் அடங்கும். ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் இவ்வலையில் விழுந்துள்ளனர்.

அவ்வாறு பெற்ற பணத்துக்கு இப்போது கேள்வி வருமானால், எதிர்த்து வாதாட இடமில்லை. கணக்கில் கையொப்பம் நம்முடையது. தரகர் எழுதினார் என்பது வருத்தத்துக்குரிய உண்மையாயினும், நம்மை விடுவிக்காது. கேள்வி வருமுன்பே தாமாக முன்வருவோர்க்குச் சட்டம் ஒரு வாயில் திறந்து வைத்துள்ளது. திருத்திய புதுக் கணக்கொன்றைத் தந்து, வரியும் வட்டியும், அவற்றின்மீது காலத்துக்கு ஏற்ப நூற்றுக்கு 25 முதல் 70 வரை கூடுதல் தொகையும் செலுத்தலாம். 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் இதற்கான கால எல்லை நான்கு ஆண்டாக நீட்டப்பட்டது. காலம் தாழ்த்துந்தோறும் கூடுதல் தொகை ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். உள்ளம் உறுத்தத் தொடங்கிய அன்றே செல்வது பணக் கணக்குப்படியும் நல்லது.

தீர்த்துக்கொள்ள வேண்டிய வேளை

கடன் நம்முடையதா அன்றா என்பதில் இருபக்கமும் நியாயம் இருக்கும் வேளைகள் உண்டு. வழக்கு மன்றம் செல்லும் வழியிலேயே எதிராளியோடு உடன்பாடு செய்துகொள்ளும்படி மலைப்பொழிவில் ஆண்டவர் கூறிய அறிவுரை இத்தகைய வேளைக்கு மிகப் பொருத்தம்.

அரசும் அவ்வப்போது இதற்கு வழி செய்துள்ளது. வருமான வரி வழக்குகளுக்காக "விவாத் சே விஸ்வாஸ்" என்னும் திட்டம் 2020-இலும், பின்னர் 2024 அக்டோபர் முதலும் வந்தது. குறித்த நாளுக்குள் வழக்கிலுள்ள வரியைச் செலுத்தினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி. அபராதம் மட்டுமே வழக்காக இருந்தால் அதில் நாலில் ஒரு பங்கு போதும் என்பது அதன் அமைப்பு. 2023-இல் தமிழ்நாடு அரசு அறிவித்த சமாதானத் திட்டத்தில், ஜி.எஸ்.டி.க்கு முந்திய விற்பனை வரி முதலியவற்றில் ஓர் ஆண்டுக்கு ரூ. 50,000 வரை நிலுவை வைத்திருந்த வணிகருக்கு அத்தொகை முழுவதும் தள்ளுபடியாயிற்று. ஜி.எஸ்.டி.யிலும், மோசடி கலவாத 2017-18 முதல் 2019-20 வரையிலான கேட்பாணைகளுக்கு, 2025 மார்ச் 31-க்குள் வரியை மட்டும் செலுத்தினால் வட்டியும் அபராதமும் நீங்கின.

இத்திட்டங்கள் யாவும் முடிந்துவிட்டன. "மறுபடியும் ஏதேனும் திட்டம் வரும், காத்திருப்போம்" என்று பலர் எண்ணுகின்றனர். அவர்கள் ஒன்றை அறிய வேண்டும். 2024-ஆம் ஆண்டுத் திட்டத்தில் சேர, அவ்வாண்டு ஜூலை 22-ஆம் நாளில் மேல்முறையீடு நிலுவையில் இருந்திருக்க வேண்டும். தவணைக்குள் முறையிட்டவர்க்கே சமாதானக் கதவு திறந்தது. கடிதத்தைப் பூட்டி வைத்தவர் வெளியே நின்றார். உரிய காலத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தவனுக்கே பின்னர் உடன்படும் உரிமையும் கிட்டுகிறது. மேலும், சமாதானம் என்றால் முறையீட்டைத் திரும்பப் பெற வேண்டும். பின்னர் எண்ணம் மாறி வழக்குக்குத் திரும்ப இயலாது. ஆகவே தெளிந்தபின் கையொப்பமிடுங்கள்.

"தீர்த்துக்கொள்வது" என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் ஊரில் வழங்குகிறது. யாரோ ஒருவருக்கு உறையில் இட்டுக் கொடுத்து, கோப்பை மூடச் செய்வது. அது சமாதானமன்று, இலஞ்சம். கொடுப்பவரும் குற்றவாளியே. இரசீது இல்லாத தீர்வு எந்நாளும் தீர்வாகாது. கோப்பு நாளை வேறொருவர் மேசையில் திறக்கும்.

எதிர்க்க வேண்டிய வேளை

கடன் நம்முடையதன்று என்பது உறுதியாகத் தெரிந்து, சான்றும் கையில் இருந்தால், அஞ்சிச் செலுத்துவது புண்ணியமன்று. அது மக்களின் உணவிலும் கல்வியிலும் இருந்து எடுத்துக் கொடுப்பதாகும்.

ஆலையிலோ தனியார் நிறுவனத்திலோ வேலை செய்யும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். மாதந்தோறும் அவருடைய சம்பளத்தில் வரி பிடித்தார்கள். பிடித்த தொகையை முதலாளி அரசுக்குச் செலுத்தவில்லை. ஆண்டு முடிவில் வரித்துறை தொழிலாளியிடமே அதைக் கேட்கிறது. பிடித்த வரியின் அளவுக்குத் தொழிலாளியிடம் மீண்டும் கேட்கலாகாது என்பது சட்டம். அத்தகைய கேட்பாணையை வற்புறுத்தி வசூலிக்க வேண்டாமென 2015 ஜூன் மாதம் நேரடி வரிகள் வாரியமும் தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. ஆனால் பிடித்தார்கள் என்பதை அவர் காட்ட வேண்டும். மாதச் சம்பளச் சீட்டு, பாரம் 16, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு ஆகியவையே அவருடைய படைக்கலன்கள். சம்பளச் சீட்டைக் கடலை மடிக்கக் கொடுத்துவிட்டவர் நியாயம் இருந்தும் திண்டாடுவார்.

வீட்டு வரியிலும் இது பொருந்தும். 2022 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் சொத்துவரி உயர்ந்தபோது, சென்னைக்கு வெளியே உள்ள நகராட்சி, பேரூராட்சிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை நூற்றுக்கு 25, அதற்குமேல் 1,200 வரை 50, அதற்குமேல் 1,800 வரை 75, அதனினும் பெரிய வீடுகளுக்கு 100 என உயர்வு அமைந்தது. வத்தலக்குண்டு போன்ற ஊரில் 590 சதுர அடி வீடு ஏட்டில் 610 என்று பதிவாகியிருந்தால், உயர்வு இருமடங்காகிவிடும். அதற்கு வழக்கறிஞர் வேண்டியதில்லை. அளவு நாடாவும், கட்டட வரைபடமும், செயல் அலுவலருக்கு ஓர் எழுத்து மூலமான மனுவும் போதும். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வருமான வரியிலும், கணக்குப் பிழை போன்ற வெளிப்படையான தவறாயின், மேல்முறையீடு வேண்டா, திருத்த மனு போதும், அதற்குக் கட்டணமில்லை. எனினும், மனுவுக்கு விடை வருமுன் மேல்முறையீட்டுத் தவணை கழிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அறிவுடைமை.

திருத்தத்தால் தீராதபோதே மூன்றாம் கேள்விக்கு வருகிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேட்பாணை ரூ. 60,000 எனக் கொள்வோம். முதல் மேல்முறையீட்டுக் கட்டணம் வருமானத்துக்கு ஏற்ப ரூ. 250 முதல் ரூ. 1,000 வரையே. முறையீடு முடியும்வரை வசூலை நிறுத்திவைக்க, பொதுவாக ஒரு பகுதியைச் செலுத்தச் சொல்வர், அது ரூ. 12,000 எனக் கொள்வோம். மீதி ரூ. 48,000-க்கு வட்டி மாதம் ரூ. 480. முடிவுக்கு மூன்று ஆண்டு ஆயிற்றென்றால் வட்டி ரூ. 17,280. தோற்றால் மொத்தம் ரூ. 77,280, ஆடிட்டர் கட்டணம் தனி. வென்றால், செலுத்திய ரூ. 12,000 வட்டியோடு திரும்பும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி, வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்று ஆடிட்டரிடம் நேராகக் கேளுங்கள். முதல் முறையீடு இப்போது பெரும்பாலும் இணையவழியே நடைபெறுவதால் அலைச்சல் குறைவு; ஆனால் தேங்கிக் கிடக்கும் முறையீடுகள் மிகுதியாதலால் பொறுமை வேண்டும். ஜி.எஸ்.டி.யில் வழக்கிலுள்ள வரியில் பத்தில் ஒரு பங்கை முன்கட்டியே முறையிட வேண்டும். அதற்கப்பால் நம் மாவட்டத்தார்க்கு மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை உண்டு. ஆயினும் அங்கே செலவு வேறு கணக்கு.

இவ்வாறு கணக்குப் பார்ப்பது கோழைத்தனம் என்று எவரும் எண்ண வேண்டா. அரசே பார்க்கிறது. 2024 செப்டம்பர் முதல், சில விதிவிலக்குகள் நீங்கலாக, வழக்கிலுள்ள வருமான வரி ரூ. 60 இலட்சத்துக்கு மேற்பட்டால்தான் தீர்ப்பாயத்துக்கும், ரூ. 2 கோடிக்கு மேற்பட்டால்தான் உயர் நீதிமன்றத்துக்கும், ரூ. 5 கோடிக்கு மேற்பட்டால்தான் உச்ச நீதிமன்றத்துக்கும் வரித்துறை மேல்முறையீடு செய்கிறது. அதே ஆண்டு பிப்ரவரியில், 2009-10 வரையிலான ரூ. 25,000-க்கு உட்பட்ட பழைய கேட்பாணைகளையும், 2010-11 முதல் 2014-15 வரையிலான ரூ. 10,000-க்கு உட்பட்டவற்றையும் கைவிடுவதாகவும் அரசு அறிவித்தது. பெரிய கருவூலம் உடைய அரசே, "இதற்காக இவ்வளவு வழக்காடுவது தகுமா?" என்று கேட்டுக்கொள்ளுமாயின், சிறிய குடும்பம் கேட்டுக்கொள்வதில் இழிவென்ன?

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 நடைமுறை நாளாக வகுக்கப்பட்டது. பிரிவு எண்கள் மாறும், படிவங்கள் மாறும். பழைய ஆண்டுகளைப் பற்றிய கேள்விகளுக்குப் பழைய சட்டமே அளவுகோல். ஆதலின் அண்டை வீட்டார் சொன்ன பிரிவை நம்பாமல், நம் கடிதத்தில் உள்ள பிரிவையே ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

கப்பர்நகூமில் ஒரு வரித் தகராறு

நற்செய்தியிலும் ஒரு வரித் தகராறு உண்டு. மத்தேயு அதனைப் பதினேழாம் அதிகாரத்தில் எழுதியுள்ளார். கப்பர்நகூமில் ஆலய வரி தண்டுவோர் இராயப்பரிடம் வந்து, உங்கள் போதகர் வரி செலுத்துவதில்லையா என்று கேட்கின்றனர். செலுத்துகிறார் என்று இராயப்பர் உடனே சொல்லிவிடுகிறார். வீட்டுக்குள் வந்ததும் ஆண்டவர், மண்ணுலக அரசர் வரி வாங்குவது தம் மக்களிடமா, அன்னியரிடமா என்று வினவுகிறார். அன்னியரிடமே என்கிறார் இராயப்பர். அப்படியானால் மக்கள் வரிக்கு உட்பட்டவர் அல்லர் என்று உரிமையைத் தெளிவாக்கிய பின்னர், அவர்களுக்கு இடறலாக இருக்க வேண்டாமென்று, மீனின் வாயில் கிடைக்கும் நாணயத்தைக் கொண்டு இருவருக்கும் சேர்த்துச் செலுத்தச் சொல்கிறார்.

நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலில் வீட்டுக்குள் அமர்ந்து, "இது நம் கடனா?" என்ற கேள்விக்கு விடை காணப்பட்டது. கடனன்று என்று தெளிந்தபின்னரே, பிறரைக் கருதிச் செலுத்தும் முடிவு எடுக்கப்பட்டது. உரிமையை அறிந்து விட்டுக்கொடுப்பதற்கும், அறியாமல் அஞ்சிக் கொடுப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! நாணயமும் இருவருடைய வரிக்குச் சரியாக இருந்தது.

இதற்கு மறுபுறமும் மறைநூலில் உண்டு. பெஸ்து ஆளுநன் முன் நின்ற சின்னப்பர், தம்மைப் பகைவர் கையில் ஒப்படைக்கப் பார்க்கிறார்கள் எனக் கண்டதும், உரோமைக் குடிமகனுக்குரிய உரிமையைப் பயன்படுத்திச் செசாரிடம் முறையிட்டார். குற்றம் செய்திருந்தால் தண்டனைக்கு அஞ்சவில்லை என்றும் அவர் கூறினார். அவ்வொரு வாக்கிலேயே நேர்மையான மேல்முறையீட்டின் இலக்கணம் அடங்கியுள்ளது. கடன் என்று தீர்ப்பானால் செலுத்தும் மனம் உடையவனே முறையிடத் தகுதியுள்ளவன்.

குடும்பம் கூடி எடுக்கும் முடிவு

இறுதியாக, கணவன்மாருக்கும் தந்தையர்க்கும் ஒரு சொல். வரிக் கடிதத்தை மனைவிக்கு மறைக்காதீர்கள். "அவள் கவலைப்படுவாள்" என்பது அன்பான காரணமே. ஆயினும் ஒருவர் இறந்தால் அவருடைய வரிக்கடன், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகளைச் சாரும். கணவனை இழந்த துயரத்தில் இருப்பவள், தவணை கடந்த கேட்பாணையை முதன்முறையாக அப்போதுதான் காண நேர்ந்தால், அவள் என் செய்வாள்? எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்றும் அவளுக்குத் தெரியாதே.

ஆகவே கடிதம் வந்த வாரத்திலேயே ஒரு மாலைப் பொழுதில், குடும்பச் செபம் முடிந்தபின், கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் ஒன்றாக அமருங்கள். கடிதத்தை உரக்கப் படியுங்கள். கடைசித் தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேளுங்கள். நம் கடன் என்று தெரிந்தால், மொத்தமாக இயலாவிடினும் தவணை கேட்டுச் செலுத்த வழி தேடுங்கள். ஐயமானால், சட்டம் தரும் சமாதானத்தை ஆராயுங்கள். கடனன்று எனத் தெளிந்தால், சான்றுகளோடும் மரியாதையான சொற்களோடும் உரிய காலத்தில் முறையிடுங்கள். எம்முடிவு எடுத்தாலும், அதற்கான இரசீதையும் நகலையும் ஒரே கோப்பில் இட்டு, அக்கோப்பு இருக்கும் இடத்தை வீட்டார் அனைவருக்கும் காட்டிவிடுங்கள்.